பாதித் தாமதம்

செருப்புப் பெட்டி அளவு கம்ப்யூட்டர்.
க்தின்யா துறைமுகத்தருகே ஏலக்கடையில் வாங்கியது.
முன்பு ஏதோ பல் மருத்துவமனையில் இருந்ததாம்.
முதல்முறை உயிர் வந்தபோது
யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல் எக்ஸ்ரே
எங்கள் டிவியின் ஐம்பத்தைந்து அங்குலம் முழுக்க.
படம் தெளிவாகத்தான் இருக்கிறது
என்றார் லூட்ஸியான்.

அதன்பின் மூன்று நாள் நீலத் திரை.
சிக்னல் இல்லை.
கேபிளை மாற்றினேன், துளையை மாற்றினேன்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் மல்லாந்து கிடந்தேன்.

இருபத்தாறு வருடம் டிராலிபஸ் ஓட்டியவள் நான்.
பனி உறைந்த காலையில்
கூரைக்கோல் மின்கம்பியை விட்டு நழுவினால்
பயணிகள் முணுமுணுக்க, இறங்கிப் பின்னால் போய்
கயிற்றை இழுத்து, அண்ணாந்து,
கோலை மறுபடி கம்பிக்கடியில் பொருத்த வேண்டும்.
வண்டியைத் திட்டிப் பயனில்லை.
இதிலும் அவ்வளவுதான்.
முதலில் டிவி, அப்புறம் ஆம்ப்ளிஃபயர்,
கடைசியில்தான் பெட்டி.
வரிசை மாறினால், மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் மாதிரி
ஒன்றையொன்று தெரியாததுபோல் இருந்துவிடும்.

அடுத்து, படம் திரையைவிடப் பெரிதாக வந்து நின்றது.
வசன எழுத்துகள் இடுப்புவரை சட்டத்துக்குள் முங்கின.
லூட்ஸியான் அந்த எழுத்துகளை நம்பிப் படம் பார்ப்பவர்.
கப்பல் தளத்தில் முப்பது வருடம்
இரும்புக் கூட்டின் உட்பக்கம் நின்று
வெளிப்பக்கத்துச் சுத்தியலை வாங்கிய காதுகள்.
டிவி மெனுவில் ஏழு படி உள்ளே போனேன்.
'உள்ளது உள்ளபடி' என்று ஒன்று. அழுத்தினேன்.
எழுத்துகளுக்குக் கால் முளைத்தது.

நள்ளிரவில் அது தானாக எழுந்துகொண்டதையும்
விசிறி ஊளையிட்டதையும் நீட்டிச் சொல்ல வேண்டாம்.
பூனை. கதகதப்பான மூடி.
உள்ளே ஒரு கைப்பிடி சாம்பல் நிற முடி.

பிறகுதான் வந்தது கேபிளில் இல்லாத கோளாறு.

மார்ச்சில் அவருக்குப் புதிய காதுக்கருவி.
பெட்டியிலிருந்து புளூடூத்தில் நேரே காதுக்குள் போகும்.
பிந்திப் போகும்.
நாயகி வாயை மூடிய பிறகு அவருக்குச் சொல் வரும்.
ஸ்பீக்கரில் கேட்டு நான் சிரித்து ஓயும்போது
அவர் தொடங்குவார்.
ஒரே சோபா, இரண்டு சிரிப்பு.

மேல்மாடி கொர்தியான் அளந்து சொன்னான்:
இருநூற்று நாற்பது மில்லி செகண்ட்.
கால் செகண்டுகூட இல்லை,
அதெல்லாம் ஒரு பொருட்டா என்பதுபோல்.
கதவை மூடும் பொத்தானில் விரலை வைத்தபடி
பக்கக் கண்ணாடியில்
ஒருவர் ஓடி வருவதைப் பார்த்ததில்லை அவன்.

ஒலியை அந்த அளவு முன்னே நகர்த்தினேன்.
அவருக்கு உதடும் சொல்லும் ஒட்டிக்கொண்டன.
எனக்கோ ஆள் வாய் திறக்குமுன் குரல்;
துப்பாக்கி வெடித்த பிறகு விரல் மடங்கியது.
ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு வாரம் கண்ணை மூடிக்கொண்டு படம் பார்த்தேன்,
தூக்கம் என்று நினைக்கட்டும் என்று.

வியாழக்கிழமை, ரிமோட்டின் முதுகில்
ஒரு துண்டு பிளாஸ்டர்.
தகட்டில் அளவு குறிக்கும் அதே கையெழுத்து: 120.
இது யாருக்குமே சரியில்லையே என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டது.
ஹெர்ரிங் மீனுக்கு வெங்காயம் அரியப் போய்விட்டார்.

இன்றிரவு நான் சற்று முந்தி, அவர் சற்றுப் பிந்தி.
மாவுச் சட்டியில் மேயர் விழுந்த காட்சியில்
என் சிரிப்பின் வால் முடிவதற்குள்
அவர் சிரிப்பின் தலை வந்துவிட்டது.

பெட்டி கேட்டது:
எல்லாப் படங்களுக்கும் இதையே வைத்துக்கொள்ளவா?
ஆம் என்று அழுத்தினேன்.
உடனே நீலம். சிக்னல் இல்லை.

எழுந்து ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனேன்.
லூட்ஸியான்
கேட்காமலே டார்ச்சை நீட்டினார்.